முப்பத்தேழரை சதவீதம் யாருடைய கணக்கு?

பிரிட்ஜ் ஆடும் எந்தக் கூடத்திலும், சுற்று முடிந்து ஸ்கோரை ஒப்பிடும் நேரத்தில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது: “வல்னரபிள், டீம் மேட்ச். இதில் கேம் கேட்காமல் எப்படி விட்டீர்கள்?” கேட்பவர் குரலில் கணக்கு வாத்தியாரின் உறுதி இருக்கும். பதில் சொல்ல வேண்டியவர் தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் கையில் எதிராளிகள் வாயைத் திறந்தார்களா, எந்த நிறத்தைக் கேட்டார்கள், எந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. 37.5 என்ற எண் ஒன்று இருக்கிறது. டீம் ஆட்டத்தில், வல்னரபிளாக இருக்கும்போது, கேம் ஜெயிக்கும் வாய்ப்பு அந்த எண்ணைத் தாண்டினால் கேட்டே தீர வேண்டும். அதோடு வழக்கு முடிந்தது என்பதுதான் இன்றைய பொதுக் கருத்து. புத்தகம் படித்து ஆடக் கற்றவர்களிடம் இது இன்னும் இறுக்கமாக இருக்கிறது.

அந்த எண்ணில் பிழை இல்லை. எதிராளிகள் இருவரும் பேசாமல் ‘பாஸ்’ சொல்லிக்கொண்டிருக்கும் ஏலத்துக்கு அது சரியான எண். அவர்களில் ஒருவர் ஏலத்தில் இறங்கியதும் அந்த எண்ணுக்கு அதிகாரம் போய்விடுகிறது என்பதே என் வாதம். அதற்குப் பிறகும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் கேட்கக்கூடாத கேம்களைக் கேட்டுத் தோற்கிறார்கள். கேட்டிருக்க வேண்டிய கேம்களை, புள்ளி போதவில்லை என்று சொல்லி, விட்டுவிடுகிறார்கள்.

2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்காரும் தங்கம் வென்றபோதுதான் பிரிட்ஜ் என்று ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியவந்தது. அந்தப் பலருக்காகச் சுருக்கமாக: நால்வர் ஆட்டம், எதிரெதிரே அமர்ந்தவர்கள் கூட்டாளிகள், ஆளுக்கு 13 சீட்டு. முதலில் ஏலம். எத்தனை டிரிக் எடுப்போம், எது துருப்பு என்று கேட்க வேண்டும். ஸ்பேட், ஹார்ட் இரண்டிலும் நாலாவது லெவலில், அதாவது 10 டிரிக்குக்கு ஒப்புக்கொண்டு எடுத்தால் அது கேம். அதற்கு வல்னரபிள் அணிக்கு, அதாவது போனஸும் தோற்றால் அபராதமும் கூடிய நிலையில் ஆடும் அணிக்கு, 500, மற்ற அணிக்கு 300 போனஸ். அதற்குக் கீழே நின்றால் வெறும் 50தான். முந்தைய ஆக்ஷன் பிரிட்ஜில் ஏலத்தில் குறைவாகக் கேட்டாலும் எடுத்த டிரிக்குகள் எல்லாம் கேம் கணக்கில் ஏறின. 1925இல் ஹெரால்ட் வாண்டர்பில்ட் பனாமா கால்வாய் வழியாகக் கப்பலில் போகும்போது ஒழுங்குபடுத்திய புதிய விதிகளில், கேட்ட டிரிக்குக்கு மட்டுமே கேம் கணக்கு. வல்னரபிள் என்ற நிலையும் அப்போது வந்ததுதான். ‘கேம் போகலாமா, நிற்கலாமா’ என்று நூறு ஆண்டுகளாக ஆட்டக்காரர்கள் தலையைச் சொறிவதற்கு அந்தக் கப்பல் பயணமே மூலம்.

இனி எண்ணுக்கு வருவோம். டீம் ஆட்டத்தில் அதே சீட்டுகளை இரண்டு மேசைகளில் ஆடுவார்கள். நம் மேசையில் நாலு ஸ்பேட், மற்ற மேசையில் நம்மைப் போலவே அதே சீட்டுகளை வைத்திருக்கும் எதிரணியினர் மூன்று ஸ்பேடில் நின்றுவிட்டார்கள். பத்து டிரிக் வந்தால் நமக்கு 620, அவர்களுக்கு 170. வித்தியாசம் 450; வித்தியாசத்தைச் சுருக்கி எழுதும் ‘இம்ப்’ என்ற டீம் கணக்கில் 10 இம்ப் லாபம். ஒன்பதே வந்தால் நமக்கு 100 நஷ்டம், அவர்களுக்கு 140 லாபம். வித்தியாசம் 240, நமக்கு 6 இம்ப் போயிற்று. பத்தைப் பெற ஆறைப் பணயம் வைக்கிறோம். ஆறை பதினாறால் வகுத்தால் 37.5 சதவீதம். வல்னரபிளாக இல்லாவிட்டால் 6 இம்புக்கு எதிராக 5 இம்ப். அங்கே எல்லை 45.5 சதவீதம். இவ்வளவுதான். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர், அதற்குள் எத்தனை அனுமானங்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன என்பதையும் பார்த்திருக்க வேண்டும். தோற்றால் ஒரு டிரிக்தான் குறையும். யாரும் டபுள் செய்ய, அதாவது பணயத்தைக் கூட்ட, மாட்டார்கள். மற்ற மேசையில் நம் சீட்டுகளை வைத்திருப்பவர்கள் அதே துருப்பில் அமைதியாக ஒரு லெவல் கீழே ஆடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத 26 சீட்டுகள் எப்படி வேண்டுமானாலும் பிரிந்திருக்கலாம். எதிராளி ஏலம் கேட்டதும் இவற்றில் ஒன்றுகூடத் தாக்குப்பிடிப்பதில்லை. வெயிலுக்குப் போட்ட கீற்றுப் பந்தலை நம்பி மழைக்கு ஒதுங்கும் காரியம்தான் இது.

கடைசி அனுமானத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பணம் அதில்தான் போகிறது.

உங்கள் கை: ஸ்பேடில் ஏஸ், கிங், 10, 7, 4. ஹார்ட்டில் கிங், 5. டைமண்டில் ஏஸ், குவீன், 8, 6. கிளப்பில் 7, 4. ஏஸுக்கு நாலு, கிங்குக்கு மூன்று, குவீனுக்கு இரண்டு, ஜாக்குக்கு ஒன்று என்று எண்ணினால் மொத்தம் 16 புள்ளி. ஒரு ஸ்பேட் என்று ஆரம்பித்தீர்கள், கூட்டாளி இரண்டு ஸ்பேட் சொன்னார். அவர் கையை மேசையில் விரித்தே வைத்துவிடுகிறேன்: ஸ்பேட் குவீன், 9, 6, 3, ஹார்ட் 8, 6, 2, டைமண்ட் கிங், ஜாக், 4, கிளப் 9, 6, 5. ஆறு புள்ளி. ஸ்பேடில் ஐந்து டிரிக், டைமண்டில் நாலு, ஆக ஒன்பது கையில் இருக்கிறது. பத்தாவது ஹார்ட் கிங்கிலிருந்துதான் வர வேண்டும். கிளப்பில் இரண்டு போகும், தடுக்க முடியாது. ஹார்ட்டில் ஒன்று போகுமா இரண்டு போகுமா என்பதே கேள்வி. ஹார்ட் ஏஸ் வலப்பக்கத்தவரிடம் இருந்தால் கிங் பிழைக்கும், இடப்பக்கத்தவரிடம் இருந்தால் சாகும். எதிராளிகள் வாயே திறக்காத ஏலத்தில் இது பாதிக்குப் பாதி. 37.5ஐத் தாராளமாகத் தாண்டிவிட்டது. நாலு ஸ்பேட் கேளுங்கள், நானும் கேட்பேன்.

இப்போது அதே கை, அதே கூட்டாளி. நீங்கள் ஒரு ஸ்பேட் சொன்னதும் உங்கள் இடப்பக்கத்தவர் இரண்டு ஹார்ட் கேட்கிறார். கூட்டாளி இரண்டு ஸ்பேட், வலப்பக்கத்தவர் மூன்று ஹார்ட். ஹார்ட்டில் நீளமும் பலமும் உங்கள் இடது கைப்பக்கம், உங்கள் கிங்குக்குப் பின்னால், காத்துக்கொண்டிருக்கிறது. வலப்பக்கத்தவர் கிளப்பில் ஒருமுறை கைக்கு வந்து ஒரு ஹார்ட் போட்டாலே போதும், கிங் காலி. பாதிக்குப் பாதியாக இருந்த வாய்ப்பு எங்கேயோ அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. மாறாக, ஏலம் இப்படிப் போயிருந்தால்? ஒரு ஸ்பேட், இடப்பக்கத்தவர் பாஸ், கூட்டாளி இரண்டு ஸ்பேட், வலப்பக்கத்தவர் மூன்று ஹார்ட். இப்போது அந்த ஏஸ் உங்களுக்கு முன்னால் ஆட வேண்டியவரிடம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். கிங் கிட்டத்தட்ட உறுதியான டிரிக். பதினாறு புள்ளி மூன்று இடத்திலும் பதினாறுதான். ஆனால் ஒன்றில் நல்ல கேம், ஒன்றில் மோசமான கேம், ஒன்றில் சிரித்துக்கொண்டே ஆடும் கேம். “மொத்தம் 22 புள்ளி, துருப்பு ஒன்பது, வாய்ப்பு பாதிக்குப் பாதி” என்று மூன்றுக்கும் ஒரே தீர்ப்பு எழுதுபவர், எதிராளி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இன்னொரு சின்ன மாற்றம் செய்கிறேன். உங்கள் கையிலிருந்து ஹார்ட் கிங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டைமண்ட் 2ஐ வையுங்கள். மூன்று புள்ளி போயிற்று. கையில் 13தான், இருவருக்கும் சேர்த்து 19. புள்ளிக் கணக்குக்காரர் மூன்று ஸ்பேட் கேட்கவே தயங்குவார். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஸ்பேட் ஐந்து, டைமண்ட் ஐந்து, மொத்தம் பத்து. ஹார்ட்டில் ஒன்றும் கிளப்பில் இரண்டும்தான் போகும். டைமண்ட் நாலுக்கு ஒன்று என்று பிரிந்தாலும் ஏஸ், கிங், குவீன், ஜாக் நாலும் நம்மிடம் இருப்பதால் கவலை இல்லை. எதிராளிகளிடம் 21 புள்ளி இருந்தும் நம் கேம் ஏறக்குறைய கல்லில் செதுக்கியது. ஸ்பேட் இரண்டிரண்டாகவும் டைமண்ட் மூன்றுக்கு இரண்டாகவும் பிரிந்திருந்தால் அவர்களுடைய மூன்று ஹார்ட்டும் ஜெயிக்கும் என்பது உபரிச் செய்தி. இந்தக் கேமைக் கேட்கச் சொல்வது யார்? எதிராளிகள்தான். இருவரும் போட்டிபோட்டு ஹார்ட் கேட்டதால், கூட்டாளியின் ஆறு புள்ளி ஹார்ட்டில் வீணாகக் கிடக்கவில்லை, நமக்கு வேண்டிய ஸ்பேடிலும் டைமண்டிலும் இருக்கிறது என்று தெரிகிறது. அவர்கள் பேசாமல் இருந்திருந்தால் இது தெரிய வழியே இல்லை.

எதிராளியின் நிறத்தில் நம்மிடம் இருக்கும் படச்சீட்டுகள் எந்தப் பக்கம், அந்த நிறத்தில் நமக்கு எத்தனை சீட்டு: போட்டி ஏலத்தில் கேமைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இந்த இரண்டும்தான். புள்ளி எண்ணும் முறை இரண்டையும் பார்ப்பதில்லை. சார்லஸ் கோரன் அமெரிக்கா முழுக்கப் பரப்பிய நாலு-மூன்று-இரண்டு-ஒன்று கணக்கு, சமநிலையான கைகளுக்கும் அமைதியான ஏலத்துக்கும் மிக நல்ல கருவி. அதைக் குறை சொல்ல எனக்கு ஆசை இல்லை. அதை வேலை செய்யாத இடத்தில் வேலை வாங்குவதைத்தான் சொல்கிறேன்.

சீட்டுப் பிரிவும் மாறிவிடுகிறது. ஐந்து துருப்பு வெளியே இருந்தால் அது மூன்றுக்கு இரண்டாகப் பிரிய 68 சதவீத வாய்ப்பு என்று எல்லோருக்கும் மனப்பாடம். இடப்பக்கத்தவர் மூன்று ஹார்ட் என்று ஏழு சீட்டோடு தடுப்பு ஏலம் போட்டிருக்கிறார், வலப்பக்கத்தவரிடம் ஹார்ட் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் மற்ற நிறங்களுக்கு ஆறு இடம்தான் பாக்கி, மற்றவரிடம் பதினொன்று. கணக்கைத் திரும்பப் போட்டால் மூன்றுக்கு இரண்டு 58 சதவீதமாகக் குறைகிறது. அதைவிடப் பெரிய செய்தி: வலப்பக்கத்தவரிடம் நாலோ ஐந்தோ துருப்பு இருக்கும் வாய்ப்பு, சாதாரணமாக 16 சதவீதம், இங்கே 39க்கு மேல் போய்விடுகிறது. ஒரு பக்க நிறத்தில் குவீன் எங்கே என்று ஊகிப்பது பாதிக்குப் பாதியாக இல்லாமல் 65க்கு 35 ஆகிறது. அது நமக்குச் சாதகமான பக்கத்தில் விழுந்தால் வரம், எதிர்ப்பக்கத்தில் விழுந்தால் சாபம். ஏலத்துக்கு முன் படித்த சதவீதங்களை வைத்துக்கொண்டு ஏலத்துக்குப் பின் முடிவெடுப்பவர்களுக்கு இதெல்லாம் ‘துரதிர்ஷ்டம்’. “துருப்பு நாலுக்கு ஒன்றாகப் பிரிந்துவிட்டது, என்ன செய்ய?” என்பார்கள். பிரியும் என்று எதிராளி சத்தமாகச் சொல்லித்தானே போனார்!

அடுத்தது டபுள். அமைதியான ஏலத்தில் ஒரு ஸ்பேட், மூன்று ஸ்பேட், நாலு ஸ்பேட் என்று போனால் பெரும்பாலும் யாரும் டபுள் செய்வதில்லை. போட்டி ஏலத்தில் எதிராளிகளுக்குத் தங்கள் பலம் தெரியும், ஒருவர் கையைப் பற்றி மற்றவருக்கு ஒரு மதிப்பீடு இருக்கும். வல்னரபிளில் ஒன்று குறைந்து டபுளும் ஆனால் நமக்கு 200 நஷ்டம். மற்ற மேசையின் 140ஐச் சேர்த்தால் 340, அதாவது 8 இம்ப். தோற்கும்போதெல்லாம் டபுள் வாங்கினால் எல்லை 44.4 சதவீதத்துக்கு ஏறுகிறது. வல்னரபிள் இல்லாதபோது சரியாக 50. “டீம் ஆட்டத்தில் யாரும் சும்மா டபுள் செய்ய மாட்டார்கள், தவறினால் கேமைப் பரிசாகக் கொடுத்தது போல” என்று எனக்குப் பதில் வரும். இது இரண்டு லெவல் டபுளுக்குப் பொருந்தும். நாம் ஏற்கெனவே கேமில் இருக்கும்போது பொருந்தாது. நாம் ஜெயித்தால் 620க்குப் பதில் 790. மற்ற மேசையோடு ஒப்பிட்டால் 10 இம்ப் 12 ஆகிறது, எதிராளிக்கு டபுளின் விலை 2 இம்ப்தான். ஒன்று குறைந்தால் அவர்களுக்கு 6 இம்ப் 8 ஆகிறது. இரண்டு குறைந்தால்? டபுள் இல்லாமல் 200, மற்ற மேசையில் மூன்று ஸ்பேடும் ஒன்று குறைந்து 100, வித்தியாசம் 3 இம்ப். டபுளோடு 500, அதே ஒப்பீட்டில் 9 இம்ப். மூன்று ஒன்பதாகும் இடத்தில் இரண்டு இம்ப் விலை கொடுக்க யார் யோசிப்பார்? அதிலும் துருப்பில் நாலு சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்?

முதல் சீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 37.5க்கும் கீழே இருக்கும் கேம்களைக்கூட நல்ல ஆட்டக்காரர்கள் கேட்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு: எதிராளி குருட்டுத்தனமாக ஏதோ ஒரு சீட்டை இறக்குவார், அது நமக்கு ஒரு டிரிக்கைத் தூக்கிக் கொடுக்கும். நாற்பது சதவீத கேம் நடைமுறையில் ஐம்பதாக ஆவது இதனால்தான். அமைதியான ஏலத்துக்கு இது உண்மை. ஆனால் எதிராளி தன் நிறத்தைச் சொல்லிவிட்ட பிறகு அவருடைய கூட்டாளிக்கு எதை இறக்குவது என்ற குழப்பம் ஏது? பலர் இடையில் புகுந்து ஏலம் கேட்பதே அதற்காகத்தான். அந்த நடைமுறை லாபத்தைப் போட்டி ஏலத்திலும் எதிர்பார்ப்பது, காலி செய்துவிட்ட கணக்கில் காசோலை எழுதுவதற்குச் சமம்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, நான் அடக்கி வாசிக்கச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், அடுத்த கணக்கைப் பாருங்கள். 37.5இன் மிகப் பெரிய ஓட்டை இதில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு கேமை எதோடு ஒப்பிடுகிறது? நம்முடைய மூன்று ஸ்பேடோடு. எதிராளி மூன்று ஹார்ட் கேட்டிருக்கும்போது மூன்று ஸ்பேட் நமக்கு இருக்கும் பல வழிகளில் ஒன்றுதான். நாம் பாஸ் சொன்னால் அவர்கள் மூன்று ஹார்ட் ஆடுவார்கள். டபுள் செய்து தண்டிக்கலாம். இவற்றின் விலை கைக்குக் கை மாறும்.

அவர்களுடைய மூன்று ஹார்ட் ஜெயிக்கக்கூடியது என்று கொள்வோம். விட்டுவிட்டால் நமக்கு 140 நஷ்டம். நாலு ஸ்பேட் கேட்டு ஜெயித்தால் 620. வித்தியாசம் 760, 13 இம்ப். டபுள் வாங்கி ஒன்று குறைந்து 200 கொடுத்தாலும், விட்டிருந்தால் 140 போயிருக்குமே. கூடுதல் நஷ்டம் 60, வெறும் 2 இம்ப். இந்த நிலையில் கேமுக்கு வேண்டியது 13.3 சதவீதம்! டபுள் இல்லாமல் ஒன்று குறைந்தால் நமக்கு ஒரு இம்ப் லாபமே. 37.5ஐக் கையில் வைத்திருக்கும் நண்பர் முப்பது சதவீத கேமை இங்கே விட்டுவிடுவார், தான் கணக்குத் தெரிந்தவர் என்ற திருப்தியோடு.

எதிர்த் துருவம்: எதிராளிகளும் வல்னரபிள், மூன்று ஹார்ட்டில் டபுள் செய்தால் இரண்டு குறைவார்கள். நமக்கு 500 தயாராக இருக்கிறது. நாலு ஸ்பேட் ஜெயித்தால் 620, கூடுதல் லாபம் 120, 3 இம்ப். ஒன்று குறைந்தால் 500ஐ விட்டுவிட்டு 100 கொடுக்கிறோம், 600 வித்தியாசம், 12 இம்ப். இங்கே கேமுக்கு வேண்டியது 80 சதவீதம். ஒரே லெவல், ஒரே ஏலம், ஒரே வல்னரபிள் நிலை. எல்லை 13இலிருந்து 80 வரை ஓடுகிறது. நடுவில் எங்கேயோ நின்றுகொண்டு 37.5 என்று முழங்குவதில் என்ன அறிவு இருக்கிறது? எதிராளியின் ஏலம் ஜெயிக்குமா, எத்தனை குறையும் என்பதை மதிப்பிடாமல் நம் கேமின் வாய்ப்பை மட்டும் தனியே அளப்பதற்குப் போட்டி ஏலத்தில் பொருளே இல்லை.

இந்த இடத்தில் சிலர் ‘மொத்த டிரிக் விதி’யை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஜான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் 1960களில் முன்வைத்தது. 1992இல் லாரி கோஹன் எழுதிய புத்தகம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. இரு அணிகளும் தத்தம் நிறத்தில் எடுக்கக்கூடிய டிரிக்குகளின் கூட்டுத்தொகை, இரு அணிகளின் துருப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கும் என்பது சாரம். அதிலிருந்து ‘ஒன்பது துருப்பா, மூன்றாவது லெவல் வரை, பத்தா, நாலு வரை’ என்று ஒரு சுருக்கப் பாடம் பிறந்தது. சிறு ஏலங்களில் அது பல ஜோடிகளைக் காப்பாற்றியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது நமக்கு எத்தனை டிரிக் என்று சொல்வதில்லை, கூட்டுத்தொகையைத்தான் சொல்கிறது. கேம் கேட்க வேண்டியவனுக்குத் தேவை தன் பங்கு. மேலே காட்டிய 19 புள்ளிக் கையில் நமக்கு ஒன்பது துருப்பு, டிரிக் பத்து. எதிராளிகளுக்கும் ஒன்பது துருப்பு; சீட்டுகள் சொன்னபடி பிரிந்திருந்தால் டிரிக் ஒன்பது. கூட்டினால் துருப்பு 18, டிரிக் 19. விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றுபவர் மூன்று ஸ்பேடில் நின்றிருப்பார். 2004இல் மைக் லாரன்ஸும் ஆண்டர்ஸ் விர்கிரனும் இந்த விதியை எதிர்த்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். குறுஞ்சீட்டு நிறங்களும், படச்சீட்டுகள் எந்த நிறத்தில் பயன்படுகின்றன என்பதும்தான் டிரிக்கைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் கட்சி. கேம் விஷயத்தில் நான் அந்தக் கட்சிதான்.

‘துணிந்து கேட்கும் ஜோடிகள்தானே கோப்பை வாங்குகின்றன’ என்பது எதிர்த்தரப்பின் கடைசி அஸ்திரம். அவர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துணிவதாக நமக்குத் தெரிவது, ஜெயித்த கேம்கள் நினைவில் நிற்பதால்தான். உயர்ந்த ஆட்டக்காரர் ஒருவரின் கைகளை வரிசையாகப் பார்த்தால், ஹார்ட் கிங் தவறான பக்கத்தில் மாட்டிக்கொண்ட 16 புள்ளியோடு அவர் மூன்று ஸ்பேட் சொல்லி ஒதுங்கியதும் தெரியும், 13 புள்ளியோடு பாய்ந்ததும் தெரியும். இரண்டையும் ‘துணிவு’ என்ற ஒரே சொல்லில் அடைக்க முடியாது. அமைதியான ஏலத்தில் அவர் தாராளமாகக் கேம் கேட்கிறார் என்பது உண்மை, அங்கே கேட்கவும் வேண்டும். அந்தப் பழக்கத்தைப் போட்டி ஏலத்துக்கும் அப்படியே எடுத்துவருவதுதான் அவரைப் பார்த்துப் படித்தவர்கள் செய்யும் காரியம்.

ஒரு விஷயத்தில் எதிர்த்தரப்பின் மீது எனக்கு அனுதாபம் உண்டு. எதிராளி மூன்று ஹார்ட் கேட்டதும், “கேம் போகலாமா, உன் கை எப்படி?” என்று கூட்டாளியிடம் கேட்கும் இடமே பறிபோய்விடுகிறது. அமைதியான ஏலத்தில் மூன்று கிளப், மூன்று டைமண்ட், மூன்று ஹார்ட் என்று விசாரிக்கப் பல படிகள் இருக்கின்றன. இங்கே மூன்று ஸ்பேட் சொன்னால் அது ‘சும்மா போட்டிக்கு’ என்று பொருளா, ‘வா’ என்று பொருளா? தெரியாததால் பலர் நேரே நாலுக்குத் தாவிவிட்டு, பிறகு 37.5ஐக் காட்டி நியாயம் பேசுகிறார்கள். இந்தக் கஷ்டத்துக்குத் தீர்வு எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது. எதிராளியின் நிறம் நம் நிறத்துக்கு நேர் கீழே இருந்து, நடுவில் விசாரிக்க இடமே இல்லாதபோது, டபுள் என்பதைக் கேமுக்கான அழைப்பாக வைத்துக்கொள்வது. அப்போது மூன்று ஸ்பேட் வெறும் போட்டி. கூட்டாளி பாஸ் சொல்லியே ஆக வேண்டும். டபுள் என்றால் ‘ஹார்ட்டில் உன் படச்சீட்டு வீணாகவில்லை என்றால் நாலு போ’. எதிராளி மூன்று கிளப்போ மூன்று டைமண்டோ கேட்டிருந்தால் நடுவே இருக்கும் நிறமே அழைப்பு. இதனால் மூன்று ஹார்ட்டைத் தண்டிக்கும் டபுளை இழக்கிறோம் என்பது உண்மை. மேலே காட்டிய 80 சதவீதக் கை அப்போது நம்மைச் சுடும். ஆனால் இருவருக்கும் நிறப் பொருத்தம் இருக்கும் ஏலங்களில் அப்படிப்பட்ட கை அபூர்வம், அழைப்பு வேண்டிய கையோ அடிக்கடி வரும். நான் இந்தப் பரிமாற்றத்துக்கு யோசிக்காமல் கையெழுத்துப் போடுவேன்.

ஜோடி ஆட்டத்தைப் பற்றித் தனியாக நீட்ட ஒன்றுமில்லை. அங்கே 37.5க்கு ஆரம்பத்திலிருந்தே இடமில்லை, எல்லை ஏறக்குறைய பாதிக்குப் பாதி; எதிராளியின் ஏலத்தின் விலையை மதிப்பிடும் வேலை அங்கே இன்னும் கூடும், குறையாது.

ஆகவே, டீம் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கோர் ஒப்பிடும்போது “கேம் எப்படி விட்டீர்கள்?” என்று தொடங்காதீர்கள். எதிராளி எந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்டார், அவருடைய ஏலம் ஜெயித்திருக்குமா என்று முதலில் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு திட்ட வேண்டியிருந்தால் தாராளமாகத் திட்டுங்கள். ஆட்டக்காரர்களுக்கும் ஒன்று: ‘இரண்டு ஸ்பேட், எதிராளி மூன்று ஹார்ட், நான் டபுள்’ என்றால் என்ன பொருள் என்பதை, அடுத்த போட்டியில் மேசைக்கு உட்காரும் முன், உங்கள் கூட்டாளியோடு பேசி முடிவு செய்துவிடுங்கள்.